முழங்காலுக்குக் கீழே

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. விடிந்ததிலிருந்து ஒரே சீர். சின்னக்கானலில் ஜீப்பை விட்டு இறங்கியதும் முதல் வேலை, பெட்டி நனைந்ததா என்று பார்த்தது. நனையவில்லை. தண்ணீர் ஒட்டாத துணியைத் தண்ணீர் படாமல் கொண்டுவர நான் பட்ட பாடு, வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

தங்குமிடம் ஏலத்தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால் ஓர் அறை. கட்டில், வாளி, ஒரு பல்லி. சுடுதண்ணீர் கேட்டால் கிடைக்கும் என்றார்கள். கேட்டேன். கிடைக்கவில்லை.

கொண்டுவந்தவை:
உடுப்பு 8 (சட்டையும் கால்சட்டையும், மார்பில் எண் 1 முதல் 8)
சொட்டுக் குப்பி 2
படிவக் கட்டு
அம்மா கட்டிக்கொடுத்த எள்ளுருண்டை (பாதி வழியிலேயே காலி)

இரண்டு வார வேலை. பூச்சிமருந்தடிக்கிற எட்டுப் பேர் இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். துணி தாங்குகிறதா என்று நான் தினமும் பார்த்து எழுத வேண்டும். கோயம்புத்தூர் பரிசோதனைக்கூடத்தில் மூன்று வருடமாக இந்தத் துணியோடுதான் குடித்தனம். சங்கதி எளிது. மருந்துத் தண்ணீர் மேலே விழுந்தால் முத்தாக உருண்டு ஓடிவிட வேண்டும். உள்ளே இருக்கிற வேர்வை மட்டும் ஆவியாக வெளியே போக வேண்டும். மழைக்கோட்டு மருந்தைத் தடுக்கும், ஆளை இட்லியாக அவித்துவிடும். சாதாரணச் சட்டை காற்றை விடும், மருந்தையும் விடும். இது இரண்டுக்கும் நடுவில் ஒன்று.

சூப்பர்வைசர் தங்கராஜ் உடுப்பைத் தடவிப் பார்த்தார். "பாக்க டாக்டர் கோட்டு மாதிரி இருக்கு. இவனுக போட்டா ரெண்டே நாள்ல அழுக்கு மூட்டையாயிரும், பாத்துக்கிடுங்க."

செப்டம்பர் 10, புதன்

பத்து மணிக்கு வெயில். மருந்தடித்தார்கள்.

நான் நினைத்திருந்ததும் இங்கே நடப்பதும் வேறு. மருந்து மேலே தெளிப்பதில்லை, கீழே. ஏலச்செடியில் காய் பிடிக்கும் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையில் படர்ந்து கிடக்கிறது. அதனால் குழாய் முனை எப்போதும் காலடியைப் பார்த்தபடி. சாரலில் பாதி அவரவர் காலுக்கே. போன வாரம் வரை அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாக நின்றிருக்கிறார்கள். சிலர் காலில் சாக்கு கட்டியிருந்தார்களாம். சாக்கு மருந்தைக் குடித்துவிட்டு நாள் முழுவதும் தோலோடு ஒட்டிக் கிடந்திருக்கும்.

முதலில் யாரும் உடுப்பைத் தொடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அருளப்பன் என்று ஒருவர், நாற்பத்தைந்து இருக்கும், ஒல்லி, அதிகம் பேசாதவர், எண் 3-ஐ எடுத்து மாட்டினார். பிறகு மற்றவர்கள்.

மதியம் கழற்றிவிட்டு அருளப்பன் தன் பனியனை முகர்ந்து பார்த்தார். "வேர்வை நாத்தம் மட்டும்தான் இருக்கு," என்றார். மற்ற ஏழு பேரும் தங்கள் பனியனை முகர்ந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்று வருடம் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு வாக்கியம் யாரும் சொன்னதில்லை.

சொட்டு சோதனை (துளி முத்தாக உருண்டால் ஐந்து, ஊறினால் பூஜ்யம்): எட்டிலும் ஐந்துக்கு ஐந்து. படிவத்தில் மூன்று இடம் கேட்கிறார்கள்: மார்பு, முதுகு, கை. கால் இல்லை. படிவம் போட்டவர் ஏலத்தோட்டம் பார்த்ததில்லை போலும். சு. சாரிடம் சொல்ல வேண்டும். (சுந்தரம் சார், என் மேலதிகாரி. முழுப் பெயர் எழுத இன்று கை வலிக்கிறது.)

என்மேல் ஏறி ரத்தம் குடித்த அட்டை: 4.

செப்டம்பர் 11, வியாழன்

மழை. மருந்தடி இல்லை. அம்மா கூப்பிட்டாள்.

"கண்ணு, சாப்பிட்டயா? அங்க குளுரு எப்படி இருக்குது?"

குளிர் இருக்கிறது, அட்டை இருக்கிறது என்றேன். அப்பாவுக்குப் போன மாதம் ஓர் உடுப்பு கொடுத்துவிட்டு வந்தேனே, தக்காளிக்கு மருந்தடிக்கும்போது போடுகிறாரா என்று கேட்டேன்.

"உங்கொப்பன் போட்டுட்டாலும். அது தோட்டத்துச் சாளையில ஆணில தொங்கீட்டு இருக்குது. நல்ல துணியா இருக்குதாமா, வீணாப்போயிருமாமா. நீயே வந்து கேளு சாமி, நாஞ் சொன்னாக் கேக்குதா அது."

ஊரில், வேலந்தாவளத்தில், சொந்த அப்பன் மூஞ்சியில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிறார். நான் மலையேறி ஊருக்கு உபதேசம். நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

அரைநாள் வேலை. எல்லாம் ஐந்து. துவைக்கும் முறை சொல்லிக் கொடுத்தேன்: கொஞ்சம் சோப்பு, நான்கு தண்ணீர் அலசு, முறுக்காதே, கல்லில் அடிக்காதே. அருளப்பன் மனைவி மரியசெல்வம் கேட்டாள்: "நாலு தண்ணியா? புள்ளைய கூட நாங்க ரெண்டு தண்ணியில குளிப்பாட்டி எடுத்துருவோம் மேடம்."

சோப்பு துணியில் தங்கினால் துளி நிற்காது, ஊறிவிடும் என்று விளக்கினேன். விளக்கினேன்தான். இதை எழுதி வைப்பது நல்லது.

செப்டம்பர் 13, சனி

அட்டை: எண்ணவில்லை. இடுப்பில் ஒன்று, கழுத்தில் ஒன்று, கடவுளே, காதுக்குப் பின்னால் ஒன்று. மரியசெல்வம் பார்த்துப் பரிதாபப்பட்டுத் துணி சோப்பையும் புகையிலைத் தண்ணீரையும் குழைத்த ஒரு உருண்டை கொடுத்தாள். இங்கே எல்லோரும் அதைத்தான் காலில் தேய்த்துக்கொள்கிறார்கள். அட்டை ஏறுவதில்லை. நானும் தேய்த்தேன். எரிகிறது, ஆனால் ஏறவில்லை. அந்த உருண்டைக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

சு. சார் மூன்று முறை கூப்பிட்டார். படம் அனுப்பு, இன்னும் அனுப்பு, ஆட்கள் சிரிக்கிற மாதிரி ஒன்று. போனில் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டு, கழுத்து அட்டையையும் பிய்த்துக்கொண்டு இருந்தபோது அருளப்பன் வந்தார். அட்டை கால்சட்டைமேல் ஏறி இடுப்புக்கு வந்துவிடுகிறது, இந்தத் துணிமேலேயும் சோப்பு தேய்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தேய்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இரவு: கஞ்சி, சுட்ட அப்பளம். நல்ல தூக்கம் வரும் போலிருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

முழுநாள் மருந்தடி. மாலை சீக்கிரம் இருட்டிவிட்டது. சொட்டு சோதனை படிவத்தில் உள்ள மூன்று இடம் மட்டும். எல்லாம் ஐந்து. சு. சாருக்குப் படம் போயாயிற்று. "சூப்பர், கோகிலா," என்று பதில்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அருளப்பன் விழுந்துவிட்டார்.

மூன்று மணி. மேல் பாத்தியில். முதலில் எச்சில் துப்பிக்கொண்டே இருந்தார் என்கிறார்கள். பிறகு வேர்வை, பிறகு வாந்தி. நான் போய்ச் சேர்ந்தபோது தொடைச் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. கண்மணி ஊசிமுனை. உடுப்பைக் கத்தரித்து எடுத்தோம். ஜீப்பில் ஏற்றினோம். மரியசெல்வம் ஓடிவந்தாள், காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்து ஒரே கேள்வி:

"இதப் போட்டா ஒன்னும் ஆகாதுன்னு சொன்னீங்கள்ல மேடம்?"

அவளையும் ஜீப்பில் ஏற்றிவிட்டேன். 

துணி தோற்றுவிட்டது. மூன்று வருடம். 

செப்டம்பர் 17, புதன்

ஆசுபத்திரியிலிருந்து தங்கராஜ் போன்: ஊசிமேல் ஊசி போட்டிருக்கிறார்கள், உயிருக்குப் பயமில்லை, இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு எண் 3-ஐ எடுத்தேன். கையுறை போட்டுக்கொண்டு, கத்தரித்த கால்சட்டையை மேசைமேல் விரித்து, மேலிருந்து கீழாகச் சொட்டு விட்டேன்.

இடுப்பு: 5
தொடை: 5
முழங்கால்: 2
முழங்காலுக்குக் கீழே: 0

பூஜ்யம். துளி விழுந்தது, உடனே பரவியது, கறுத்தது, மறுபக்கம் வந்தது. சாதாரணச் சட்டைத் துணிகூட இதைவிடத் தாமதமாக ஊறும்.

ஒரு இடத்தில் ஐந்து, ஒரு சாண் கீழே பூஜ்யமா? துணி அப்படித் தோற்காது. மருந்து நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனை. புகையிலை. துணி சோப்பு.

அப்போதுதான் சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

அவர் கேட்டார். நான் நன்றாகக் கேட்டேன், காது அடைத்திருந்ததென்று சொல்ல முடியாது. தேய்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை சோப்பு தங்கக்கூடாது என்று வகுப்பெடுத்த அதே வாயால் சனிக்கிழமை. நரம்பில்லாத நாக்கு. இந்தத் துறையில் முதல் வாரம் சொல்லிக்கொடுக்கும் பாடம்: சோப்பு பட்ட இடத்தில் முத்து நிற்காது. வேலைக்குச் சேரும் பையனுக்குக்கூடத் தெரியும்.

மருந்து விழுவதெல்லாம் காலில். சோப்பு தேய்த்ததும் காலில். நான் சோதித்தது மார்பில்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. பயம்தான் அதிகம் என்பதை எழுதவாவது செய்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ஐந்தரை மணிக்கே மஸ்டருக்கு ஓடினேன், ஆள் எடுக்கும் இடத்துக்கு. ஏழு பேரும் பம்பு மாட்டத் தயார். ஏழு பேரும் சோப்பு தேய்த்திருந்தார்கள். நின்ற நிலையிலேயே காலில் சொட்டு விட்டேன்: 0, 1, 0, 2, 0, 0, 1. இரண்டு பேருக்கு நேற்றிலிருந்து தலைவலியாம், மழையில் நனைந்ததால் என்று நினைத்தார்களாம்.

மருந்தடி கூடாது என்றேன். தங்கராஜ் குதித்தார். மேனேஜர் வந்தார். காரணம் சொன்னேன்: சோப்பு. யார் தேய்க்கச் சொன்னது என்று மேனேஜர் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் தங்கராஜ்: "அருளப்பன்தான் சார். அவன்தான் மொதல்ல தேச்சான், பெறகு எல்லாருக்கும் சொல்லியிருக்கான். நேத்து ஆசுபத்திரில வச்சு, கால்ல என்னடா சோப்பு நாத்தம்னு கேட்டதுக்கு அவனே ஒத்துக்கிட்டான். யார்ட்டயும் கேக்கல, நானாத்தான் தேச்சேன்னு."

யாரிடமும் கேட்கவில்லை என்றாராம்.

நான் நின்றேன். ஏழு பேர், மேனேஜர், தங்கராஜ். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. வாயில் கொழுக்கட்டை என்பார்கள். இருந்தது.

மாலை சு. சாருக்குச் சொன்னேன், சோப்பு வரைக்கும். "அப்பாடா," என்றார். உண்மையாகவே அப்பாடா என்றார். "அப்போ துணிமேல பழி இல்லை. பயன்படுத்தினவர் தவறுன்னு ஒரே வரி எழுது. திங்கட்கிழமைக்குள்ள அறிக்கை வேணும். அடுத்த மாசம் இன்னும் பல தோட்டத்துக்குப் போகுது, சீக்கிரம் முடி."

அருளப்பன் பெயரை மருந்தடிப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். திரும்பி வந்தாலும் உடுப்பு கிடையாதாம். 'சொல்பேச்சு கேளாதவன்' என்று தங்கராஜ் பேரேட்டில் எழுதியதைப் பார்த்தேன். அனுமதி கேட்டதும் அருளப்பன்தான், சொல்பேச்சைக் கேட்டதும் அவர்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

நாள் முழுவதும் துவைத்தேன். யார் உதவியும் வேண்டாம் என்றேன். ஏழு கால்சட்டை, கத்தரித்தது ஒன்று. ஒவ்வொன்றும் ஆறு தண்ணீர். விரல் ஊறி வெள்ளையாகிவிட்டது. வெயில் இல்லாததால் ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில் விரிக்கக் கேட்டேன். இந்தத் துணிக்குச் சூடு நல்லது, மேலே உள்ள பூச்சு மறுபடி எழுந்து நிற்கும். கூடத்துக்காரர் முகத்தைச் சுளித்தார். காய்க்கு மருந்து வாசனை ஏறினால் யார் பொறுப்பு என்றார். காலியாக இருந்த பின்னறையில் இடம் கொடுத்தார்.

ஏழு தேறின. நாலும் ஐந்துமாக. கத்தரித்த எண் 3-இல் மூன்றுக்குமேல் வரவில்லை. வந்தாலும் தைத்துப் போட முடியாது.

துவைக்கும்போது மனசு கொஞ்சம் லேசானது. அதுவும் எரிச்சலாக இருந்தது. துவைத்தால் போகிற கறையா இது?

அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள்.

செப்டம்பர் 20, சனி

ஆசுபத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு அரைக் கிலோ. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போவதைத் தவிர மனுசனுக்கு வேறு ஒன்றும் தோன்றுவதில்லை.

அருளப்பன் உட்கார்ந்திருந்தார். கண் குழி விழுந்திருக்கிறது. மரியசெல்வம் கட்டிலடியில். இரண்டு பேருக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று ஜீப்பில் ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனாலும் தடுமாறினேன். சனிக்கிழமை நீங்கள் கேட்டீர்கள், நான்தான் சரியென்றேன், என் தப்பு.

"தெரியும் மேடம்," என்றார். "எனக்கு மருந்துதான் ஏறுச்சு. புத்தி கெடல."

பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். என்னைக் காப்பாற்றவா? அதற்கு ஒரு சிரிப்பு. சிரிப்பென்றும் சொல்ல முடியாது.

"உங்கள எதுக்கு நான் காப்பாத்தணும்? நீங்க எனக்கு யாரு? மேடம்தான் சொன்னாகன்னு சொன்னா உங்களத் திருப்பி அனுப்புவாக. உங்க பின்னாடியே பெட்டியும் போயிரும். அதுக்குத்தான்."

 அவரே பேசினார். இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"பதினாலு வருசமா மருந்தடிக்கேன். மருந்தடிச்ச அன்னைக்கு அந்தியானா கை ஆடும். சோத்த உருட்டி வாய்க்குக் கொண்டுபோறதுக்குள்ள பாதி கீழ கெடக்கும். இவதான் ஊட்டுவா. கலியாணம் ஆன பிள்ளைகளுக்கு முன்னால, நான் வாயத் தெறந்துகிட்டு உக்காந்திருப்பேன். இந்தத் துணி போட்டு அடிச்ச மொத ரெண்டு நாளும் நானே அள்ளித் தின்னேன். இவகிட்ட கேளுங்க."

மரியசெல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மத்தவனுகளுக்கும் ஆடும். சொல்ல மாட்டானுக. நான் திரும்பிப் போடாட்டாலும் அவனுக போடட்டும். நீங்க ஒன்னும் சொல்லாதீங்க. சோப்பு போடக்கூடாதுன்னு மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. போதும்."

வாக்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. தலையை ஆட்டினேன். அது வாக்கா?

திரும்பி வரும்போது மலை முழுக்கப் பனிமூட்டம். டிரைவர் விளக்கைப் போட்டு ஊர்ந்தார். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாதா கோயில் மணி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் குடை பிடித்துப் பூசைக்குப் போகிறார்கள். நான் அறிக்கையோடு.

சு. சார் சொன்ன ஒரு வரியை எழுதினேன். 'பயன்படுத்தியவர் தவறு.' பொய் இல்லை. தேய்த்தது அவர் கை. அருளப்பனும் இதைத்தான் கேட்கிறார். சாருக்கும் இதுதான் வேண்டும். எனக்கும் வசதி. மூன்று பேருக்கும் பிடித்த ஒரு வரி. இதைவிடச் சுலபமான அறிக்கை நான் எழுதியதே இல்லை.

ஆனால் அந்த வரியைப் படிப்பவனுக்கு என்ன தெரியும்? மலையில் எவனோ ஒரு கூலி ஏதோ தப்பாகச் செய்தான், அவ்வளவுதான். அடுத்த மாதம் ஏலப்பாறைப் பக்கம், பிறகு வேறு பக்கம். எல்லா இடத்திலும் அட்டை. எல்லா இடத்திலும் சோப்பு. கேட்கிற ஆளிடம் என்னைப் போல ஒருத்தி, கழுத்தைச் சொறிந்துகொண்டு, தேய்த்துக்கொள்ளுங்கள் என்பாள். துணியை மூன்று வருடம் படித்த ஒருத்தியே இப்படிச் சொல்லிவிட்டாள் என்று எழுதினால்தான் அவர்களுக்கு உறைக்கும். அவர் பெயரைப் போட்டால் ஒருவருக்கும் உறைக்காது.

இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சாக்கா என்றும் யோசித்தேன். மனசைக் கழுவிக்கொள்ள அவர் சோற்றில் மண் போடுகிறேனா? மதியம்வரை யோசித்தேன். தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

எழுதியது, சுருக்கமாக:

துணி நல்ல துணி. சோப்பு படாத இடத்தில் எட்டு உடுப்பும் கடைசிவரை ஐந்து.
அட்டைக்காகத் தேய்த்த சோப்பினால் முழங்காலுக்குக் கீழே துணி மருந்தைத் தடுக்கவில்லை.
தேய்க்கலாமா என்று தொழிலாளி முன்கூட்டியே கேட்டார். தேய்க்கலாம் என்று அனுமதித்தது நான். கோகிலா.
காலில் சோதனை செய்யாததும் நான். படிவத்தில் கால் சேர்க்க வேண்டும்.
உடுப்போடு, அட்டை நுழையாதபடி நெருக்கமாக நெய்த பருத்திக் காலுறை, உள்ளே போட, கொடுத்தே ஆக வேண்டும். காலுறை இல்லாமல் உடுப்பு கொடுத்தால் மறுபடியும் சோப்புதான்.
நன்கு அலசிச் சூட்டில் உலர்த்தினால் துணி மீள்கிறது. ஏழு மீண்டன. அவற்றைத் தொழிலாளரிடமே விட்டுவைக்கலாம்.

கடைசி வரியை மூன்று முறை எழுதி அடித்தேன். 'விட்டுவைக்கலாம்' என்பதை 'விட்டுவைக்க வேண்டும்' என்று மாற்றினேன்.

நாலு மணிக்கு அனுப்பினேன். சு. சாருக்கும் தோட்டத்து மேனேஜருக்கும், ஒரே நேரத்தில். சாருக்கு மட்டும் அனுப்பினால் மூன்றாவது வரி காணாமல் போகும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் வேலை பார்த்த ஒன்பது வருட அனுபவம்.

நாலே காலுக்கு சு. சார் போன். எடுத்தேன். ஐந்து நிமிடம் கத்தினார். எழுதத் தேவையில்லை. முடிவு: நாளை மதியம் ஜீப்பில் கிளம்பு. உடுப்பு அத்தனையும் திரும்ப வேண்டும். 'உன்னைப் பற்றி இங்கே வந்த பிறகு பேசுவோம்.'

அருளப்பன் சொன்னது அப்படியே நடக்கிறது.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், முழுதும்.  "அந்த அண்ணன் பொழச்சுட்டாருல்ல? அது போதும் கண்ணு. ஊட்டுக்கு வா," என்றாள். அப்பாவும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறார். 

செப்டம்பர் 22, திங்கள்

மழை விட்டிருக்கிறது. மருந்தடிக்க ஏற்ற நாள்.

மஸ்டருக்குப் போனேன், உடுப்பை வாங்க. பெட்டி தயார். ஏழு பேரும் அதைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். மேனேஜர் ஆபீசிலிருந்து அறிக்கைச் செய்தி கசிந்து, நேற்று மாலையே பின்னறைக்குப் போய் எடுத்துக்கொண்டார்களாம், அவரவர் எண் பார்த்து. உள்ளே பழைய காலுறை, கிழிந்த சேலைத் துணி, கிடைத்ததைச் சுற்றியிருந்தார்கள். சோப்பு இல்லை. நான் கேட்காமலேயே ஒவ்வொருவராகக் காலை நீட்டினார்கள்.  குனிந்து சொட்டு விட்டுப் பார்த்தேன். எல்லாம் தேறியது.

தங்கராஜ் கழற்றச் சொன்னார். யாரும் அசையவில்லை. சேசுராஜ் என்பவர், எண் 6, இதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்:

"துணி நல்ல துணின்னு மேடமே எழுதிக் குடுத்துருக்காக சார். தப்பு யாருதுன்னும் எழுதிட்டாக. பெறகு துணிய எதுக்குக் கழட்டணும்?"

மேனேஜர் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிக்கை அதில்தான் இருந்தது. "இன்னைக்கு ஒரு நாள் அடிச்சிட்டு வாங்க, நான் அவங்க ஆபீஸ்ல பேசிக்கிறேன்," என்றார். ஏழு பேரும் பம்பை மாட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்கள்.

சு. சாருக்குச் செய்தி: ஏழு உடுப்பு ஆட்கள் உடம்பில். ஒன்று கத்தரித்தது, என்னிடம். நான் மட்டும் வருகிறேன்.

ஜீப்புக்குக் காத்திருந்தபோது மரியசெல்வம் வந்தாள். நேற்று சாயங்காலம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். லயத்தில் படுத்திருக்கிறாராம். பார்க்க வரட்டுமா என்றேன்.

"வேண்டாம் மேடம். கோவமா இருக்காக. சொல்லாதன்னு சொல்லியும் சொல்லிட்டாளேன்னு."

நியாயம் என்றேன்.

"இன்னொன்னும் சொல்லச் சொன்னாக." அவள் என் முகத்தைப் பார்க்காமல், ஒப்பித்தாள். "நாளையில இருந்து மஸ்டர்ல அவுக போய் நிப்பாகளாம். எல்லார் காலயும் அவுகளே பாத்துத்தான் மேல அனுப்புவாகளாம். எப்படிப் பாக்கணும்னு என்கிட்ட காட்டிக் குடுத்துட்டுப் போகச் சொன்னாக. உங்களுக்குப் பெறகு இன்னொரு மேடம் வந்தாலும், இனிமே படிச்சவங்க சொன்னாங்கன்னு எதையும் கேக்க முடியாதாம்."

என்னிடமிருந்த எண் 3-இல் சொட்டு விட்டுக் காட்டிக் கொடுத்தேன். இரண்டாவது முறையிலேயே சரியாகச் செய்தாள்.